மருந்து டப்பா

நம்ம வீடுகள்ல மருந்துக்குன்னு யாரும் தனியா டப்பா வாங்கறதில்லை. தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பா காலியானா அதுதான். எங்க வீட்ல அது ஃப்ரிட்ஜ் தலைமேல உட்கார்ந்திருக்கும். அட்டையில "25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்"னு போட்டிருப்பாங்க. மே மாசத்து சென்னையில, சூடு கக்கற ஃப்ரிட்ஜ் மேல! மாத்திரை வெந்துபோகாம இருந்தா சரி.

உள்ளே என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மூடி ஒட்டிப்போன இருமல் மருந்து, பாதி தைலம், கண்ணுக்கு விடற சொட்டு மருந்து (திறந்து ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது, எங்க வீட்டு பாட்டில் ஒரு பொங்கலையே பாத்தாச்சு), அப்புறம் கத்தரியால வெட்டின துண்டு அட்டைகள். காலாவதி தேதி அட்டையோட ஒரு ஓரத்துல தான் அடிச்சிருக்கும். கடைக்காரர் நாலு மாத்திரை வெட்டிக் குடுத்தா, அந்த ஓரம் அவர்கிட்டயே தங்கிடும். நமக்கு வர்றது பேர் பாதி, தேதி சுத்தமா இல்லை.

பேர் முழுசா இருந்தாலும் போதாதுங்கறது தான் மேட்டர். அப்பாவுக்கு சர்க்கரை. போன வருஷம் டாக்டரை மாத்தினோம். புது டாக்டர் வேற பேர்ல மாத்திரை எழுதினார். பழசுல ஒரு அட்டை மிச்சம். "காசு குடுத்து வாங்கினது, வீணாக்கலாமா"ன்னு அப்பா யார்கிட்டயும் சொல்லாம ரெண்டையும் போட்டுக்கிட்டார். மூணாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, பேச்சு குழறுது. சர்க்கரை 52. அம்மா தான் முதல்ல சுதாரிச்சு, தண்ணியில சர்க்கரையைக் கரைச்சுக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க.

ரெண்டு அட்டையையும் விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். பெரிய எழுத்துல ரெண்டு வேற பேர். பொடி எழுத்துல ஒரே பேர்: க்ளிமிபிரைடு 2 மி.கி. குரோசின், கால்பால், டோலோ மூணும் பாரசிட்டமால் தான்ங்கிற மாதிரி. ரெண்டு வேரியபிள், ஒரே மெமரி அட்ரஸ். அறுபத்தஞ்சு வயசுக் கண்ணு அந்தப் பொடி எழுத்தை எப்படிப் படிக்கும், சொல்லுங்க?

அடுத்த ஞாயித்துக்கிழமை டப்பாவைத் தரையில கவுத்தேன். மார்க்கர் பேனாவால ஒவ்வொரு அட்டை மேலயும் மருந்துப் பேரைத் தமிழ்ல பெருசா எழுதி வச்சேன். தேதி இருக்கற ஓரத்தைக் கடைசியா பிரிக்கணும்னு அப்பாகிட்ட ஒப்பந்தம். டப்பா பீரோவுக்கு மாறிடுச்சு. காலாவதியானதை எல்லாம் பிச்சு, ஃபில்டர் காபிச் சக்கையோட கலந்து, கட்டிப் போட்டேன்.

தைலத்தை மட்டும் அப்பா திரும்ப எடுத்து வச்சுக்கிட்டார். 2019லயே காலாவதி. "தைலமெல்லாம் கெட்டுப்போகாதுடா"ங்கறார்.