குர்ஆன் அப்பில் எழுத்து மாறிவிட்டதா?



“இந்த அப்பில் குர்ஆனை மாற்றிவிட்டார்கள்” என்று வட்ஸ்அப்பில் வரும் படத்தைக் காட்டி, அக்குறணை, மடவளைப் பக்கத்து உம்மாமார் பயந்துபோய்க் கேட்கிறார்கள்.

2007இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம் குர்ஆனை எக்ஸ்எம்எல் கோப்பாகவும் இலவசமாகத் தருகிறது. உஸ்மானி எழுத்துமுறையில் ஒன்று, இன்றைய அரபு எழுத்துமுறையில் ஒன்று. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் கணினி பக்கம் பக்கமாகச் சிவப்பாகக் காட்டும். அதைப் படம்பிடித்து அனுப்பினால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

ஆனால் அந்தக் கோப்பில் ஒவ்வொரு ஆயத்துக்கும் சூரா எண், ஆயத் எண் உண்டு. எண்ணைப் பிடித்துத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் 114 சூராக்கள், 6236 ஆயத்துகள். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. வித்தியாசம் எழுதும் முறையில்தான். ஃபாத்திஹாவில் ‘ஆலமீன்’ என்ற சொல்லின் நீட்டலுக்கு உஸ்மானியில் மேலே ஒரு சிறிய அலிஃப், மற்றதில் முழு அலிஃப். ஓதினால் ஒரே சத்தம்.

ஆகவே பகிர முன்னர் எந்த சூரா, எத்தனையாவது ஆயத் என்று கேளுங்கள். ஓதிப் பாருங்கள். சத்தமே மாறினால் ஒரு ஹாபிழிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் கூச்சல் போட்டால், உண்மையிலேயே ஒரு பிழை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.