கணினிப் பதுமையும் என் அத்தையின் புருவமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த முகத்திலே கண்ணைப் பாடாத புலவர் இல்லை. மீன் என்பர், மலர் என்பர், வேல் என்பர். இதழுக்குப் பவளமும் பல்லுக்கு முத்தும் தேடிக் கொணர்வர். புருவத்திற்கோ வில் என்னும் ஓர் உவமையைப் பெரும்பாலும் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடுவர். அதுவும் குறைகூறாமல், வியர்வையும் மழைநீரும் கண்ணில் இறங்காதபடி காவல் காத்துக்கொண்டு நெற்றியின் அடியில் ஒதுங்கி நிற்கின்றது. அந்தச் சிறு மயிர்க்கோட்டின் அருமையை நான் கணினித் திரையின் முன்னால் அமர்ந்து கற்றேன். அதனைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் என் அண்ணன் எனக்குப் பிளெண்டர் என்னும் மென்பொருளைக் கற்றுக்கொடுத்தான். முப்பரிமாண உருவங்களைச் செய்யும் கருவி அது. 2002ஆம் ஆண்டு அதன் மூல நிரல் பொதுவுடைமையாக்கப்பட்டதால் காசு கொடுக்காமலே எவரும் பயன்படுத்தலாம். 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற ‘ஃப்ளோ’ என்னும் லாட்வியா நாட்டுப் படம் இதே கருவியால்தான் உருவாயிற்று என்று அண்ணன் சொன்னபோது, எங்கள் வீட்டுப் பழைய கணினியின் மீது எனக்குத் திடீரென்று ஒரு மரியாதை பிறந்தது!

கணினியில் ஒரு தலையைச் செய்வது, களிமண்ணில் செய்வதற்கும் தையற்கலைக்கும் இடைப்பட்டது. முதலில் முகம் ஒரு மீன்வலை போலத் தோன்றும். வலையின் முடிச்சுகளை இழுத்தும் அழுத்தியும் மூக்கையும் கன்னத்தையும் வார்க்க வேண்டும். பிறகு ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துத் தட்டையாய்ப் பரப்புவது போல அந்த வலையைத் தட்டையாக விரித்து, அதன்மேல் தோலின் நிறத்தைத் தீட்டி, மீண்டும் முகத்தில் போர்த்த வேண்டும். ஒப்பனை இதற்குமேல் வருகின்றது. கன்னச் சிவப்பு, கண் மை, உதட்டுச் சாயம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் தீட்டி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குவது போன்ற ஏற்பாடு. பிடிக்காத தாளை மட்டும் உருவிவிடலாம். அடியிலுள்ள முகம் கெடாது.

இதில் நான் அறிந்த முதற்பாடம் நிறத்தைப் பற்றியது. மனிதத் தோல் சுவரைப் போன்றதன்று. ஒளி அதனுள் சிறிது புகுந்து, குருதியின் செம்மையைச் சுமந்துகொண்டு வெளிவருகின்றது. காதின் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். நான் பதுமைக்கு என் தோலின் நிறத்தையே கொடுத்து, வெளிர் ரோஜா வண்ணத்தைக் கன்னத்தில் பூசியபோது அது சாம்பல் பூத்தது போலாயிற்று. செங்கல் நிறத்தைப் பூசினேன். முகம் உயிர் பெற்றது. விழா நாட்களில் நம்மில் பலர் வெளிர்ப்பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு புகைப்படத்தில் ஏன் வேறாகத் தெரிகின்றோம் என்பதும் அன்றுதான் புரிந்தது.

இரண்டாம் பாடம், ஆயத்த முகங்களைப் பற்றியது. மேக்ஹியூமன் என்று மற்றோர் இலவச மென்பொருள் உண்டு. அதில் ஆப்பிரிக்கர், ஆசியர், காக்கேசியர் என மூன்று அளவுகோல்கள் இருக்கும். அவற்றை நகர்த்தினால் முகம் மாறும். நம் புதுச்சேரிப் பெண்ணின் முகம் இம்மூன்றில் எதிலும் முழுமையாக இல்லை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் குழைத்துப் பார்த்தேன். மூக்கு வந்தது, கன்னம் வந்தது, தாடையும் வந்தது. ஆனாலும் யாரோ ஒருத்தியாகத்தான் இருந்தாள். ஒட்டவைத்திருந்த மெல்லிய புருவத்தை எடுத்துவிட்டு அடர்ந்த புருவத்தை வைத்தவுடன், நம் தெருவில் தண்ணீர்க் குடத்துடன் போகும் ஓர் அக்காளாக மாறிவிட்டாள்!

இது என் கற்பனை மட்டுமன்று. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஜாவித் சதர், இசத் ஜாரூதி, பவன் சின்ஹா ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை அழித்துக் காட்டியபோதைவிட, புருவங்களை அழித்துக் காட்டியபோதுதான் பார்த்தவர்கள் அதிகம் தடுமாறினராம். ஒருவரை இன்னார் என்று சொல்வதில் கண்ணுக்கு நிகரான பங்கு, ஏன், அதனினும் மிகுந்த பங்கு, புருவத்திற்கு இருக்கின்றது!

உணர்ச்சியைச் சொல்வதிலும் அப்படித்தான். பரதரின் நாட்டிய சாத்திரம் புருவத்தின் அசைவுகளை ஏழாக வகுத்துள்ளது. 1978இல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்னும் உளவியலாளர்கள் முகத்தசைகளின் அசைவுகளுக்கு எண்ணிட்டுப் பட்டியல் தந்தபோது, முதல் எண்ணைப் புருவத்தின் உள்முனை உயர்வதற்கும், இரண்டாம் எண்ணை வெளிமுனை உயர்வதற்கும் கொடுத்தனர். இன்று சில கைப்பேசிகள் நம் முகத்தைப் பார்த்துக் கணினிப் பதுமையை ஆட்டுவிக்கின்றன அல்லவா? ஆப்பிள் நிறுவனம் அதற்கு வகுத்த 52 அசைவுகளில் ஐந்து புருவத்திற்குரியவை. உள்முனையைச் சிறிது உயர்த்தினால் பதுமை துயருறுகின்றது. இரண்டையும் கீழே நெருக்கினால் சினம் கொள்கின்றது. ஒன்றை மட்டும் உயர்த்தினால் நம்மை நம்ப மறுக்கின்றது!

இத்தனை நுட்பத்தையும் கணினி அறியுமுன்பே நம் ஊர்க் கைகள் அறிந்திருந்தன. நவராத்திரிக்கு முன் கோசப்பாளையத்தில் ஒரு பொம்மைக் கூடத்திற்குச் சென்றிருந்தேன். கொலுவுக்குரிய பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடிலுக்குரிய சுரூபங்களும் ஒரே கூரையின் கீழ் வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தன. தோல் வண்ணம், ஆடை வண்ணம், உதடு என்று முடித்துவிட்டு, ஒரு பாட்டி மெல்லிய தூரிகையால் மூச்சை அடக்கிக்கொண்டு புருவத்தை ஒரே இழுப்பில் தீட்டினார். கருவிழியை வைத்தது அதற்குப் பிறகுதான். “புருவம் கோணிப்போனா, கண்ணு எவ்வளவு அழகா வெச்சாலும் பொம்மை முறைக்கும் பாப்பா” என்றார். எக்மன் பெருநூலில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இனி, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்திற்கு வருகின்றேன்.

முத்தியால்பேட்டையில் என் அத்தை இருக்கின்றார். என் தந்தையின் மூத்த சகோதரி. சென்ற ஆண்டு அவருக்குப் புற்றுநோய் கண்டு, மருந்தேற்றும் சிகிச்சை நடைபெற்றது. தலைமுடி உதிரும் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தனர்; அத்தையும் மனத்தைத் தேற்றிக்கொண்டு நான்கு பருத்தித் துணிகளை ஓரம் அடித்து வைத்திருந்தார். புருவமும் உதிரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தலையை முக்காட்டால் மறைக்கலாம். புருவத்தை எதனால் மறைப்பது? சம்பா கோவிலின் ஞாயிறு பூசைக்கு ஒரு நாளும் தவறாதவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். “நோவைக்கூடத் தாங்கிக்கிடலாம் கண்ணு. கண்ணாடியில நிக்கிறது யாருன்னே தெரியலியே” என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார். அந்த நேரத்தில் அவருடைய மகளின் நிச்சயதார்த்தமும் நெருங்கிக்கொண்டிருந்தது. தாம் அறைக்குள்ளேயே இருந்துவிடுவதாகப் பிடிவாதம் பிடித்தார்.

அழகு நிலையத்தில் பென்சிலால் வரைந்துவிடுவார்களே என்று அம்மா சொன்னார். அதற்கும் அத்தை இசைந்தபாடில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தம் முகத்தில் யாருடைய புருவத்தையோ வரைவதை அவர் விரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. அத்தையின் பழைய புகைப்படங்கள் ஆறினை வாங்கிவந்து, முன்புறமும் பக்கவாட்டிலும் பார்த்துப் பார்த்து, பிளெண்டரில் அவருடைய தலையைச் செய்யத் தொடங்கினேன். பதினெட்டு நாட்கள் ஆயின. புருவத்தை மட்டும் தீட்டாமல், கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குச் சென்றேன்.

கணினியில் புருவம் அமைக்க மூன்று வழிகள் உண்டு. தோலின் மேல் வண்ணமாய்த் தீட்டலாம். மயிர் வரைந்த சிறு பட்டைகளை ஒட்டலாம். ஒவ்வொரு மயிரையும் நாற்று நடுவது போல் நடலாம். மூன்றாவதே கடினம். நான் அதையே எடுத்துக்கொண்டேன். மூக்கின் ஓரத்திலிருந்து நேர்மேலே புருவம் தொடங்குகின்றது. அதே இடத்திலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாக ஒரு கோடு இழுத்தால் அது முடியும் இடம் தெரியும். உள்முனையில் மயிர் மேல்நோக்கி நிற்கும். போகப் போகச் சாய்ந்து காதை நோக்கிப் படுத்துக்கொள்ளும். நிறமோ முழுக் கறுப்பாகாது. கருங்காப்பி நிறமே இயல்பாய்த் தெரியும்.

அத்தை முதலில் எட்ட நின்று பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் இறக்கு... நடுவுல அடர்த்தி போதாது” என்று சொல்லத் தொடங்கினார். ஒரு பக்கத்தில் செய்வது மறுபக்கத்திலும் தானே வருமாறு ஒரு வசதி பிளெண்டரில் உண்டு. நான் அதைப் பயன்படுத்தியிருந்தேன். அத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அது பொம்மை, நான் இல்ல” என்றார். உண்மைதான்! நம் புருவங்கள் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, அக்காள் தங்கைகள். அந்த வசதியை நிறுத்திவிட்டு, வலப்புருவத்தைச் சற்று உயர்த்தினேன். “இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கணுமே” என்றார் அடுத்து. ஏழு வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததால் ஏற்பட்ட தழும்பு அது. அவ்விடத்தில் மயிர் முளைத்ததே இல்லையாம். பத்துப் பன்னிரண்டு மயிர்களை அங்கே பிடுங்கி எடுத்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தார். “இதோ, வந்துட்டேன்” என்றார்.

நிச்சயதார்த்த நாளன்று காலையில் திரையை எதிரே வைத்துக்கொண்டு நானே அத்தைக்குப் புருவம் வரைந்தேன். ஒரே கோடாய் இழுக்காமல், மயிர் மயிராய், சிறு சிறு கீற்றுகளாக. இடப்புறத்தில் அந்த வெட்டையும் விட்டுவைத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த கண்ணாடியைத் தாமே திருப்பினார். பின்பு கூடத்திற்குச் சென்று, வந்தவர்களை வரவேற்று, தட்டு மாற்றும்போது முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இப்போது சிகிச்சை முடிந்து மெல்லிய மயிர் முளைத்து வருகின்றது. பென்சிலுக்கு இன்னும் வேலை இருக்கின்றது. ஆயினும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது.

தோழியரே! ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கருத்தைச் சொன்னார். பொம்மை மனிதரைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் அன்பு கூடுகின்றது. ஆனால் ஏறத்தாழ மனிதராகவே ஆகி, சிறு குறை மட்டும் இருக்கும்போது நமக்கு அச்சமும் அருவருப்பும் உண்டாகின்றன என்றார். 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தில், 2009இலேயே மறைந்துவிட்ட நாகேஷ் அவர்களைக் கணினியால் மீண்டும் நடமாடச் செய்தனர். அத்தகைய முகங்களைச் செய்வோர் எல்லோரும் மோரி சொன்ன பள்ளத்தைத் தாண்டவே பாடுபடுகின்றனர். தோலில் துளைகளையும், புருவத்தில் கலைந்த மயிரையும், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதட்டையும் தேடித் தேடிச் சேர்க்கின்றனர்.

விந்தையைப் பாருங்கள்! கணினியில் உழைப்பவர்கள் பதுமையை மனிதராக்கத் தழும்புகளைச் சேர்க்கின்றார்கள். நாமோ கைப்பேசியின் வடிகட்டியால் நம் தழும்புகளை அழித்துப் பதுமைகளாக மாறப் பார்க்கின்றோம். ஒப்பனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஓர் ஐந்து ரூபாய்ப் பென்சில் ஒரு தாயை அவள் மகளின் விழாவுக்கு அழைத்து வந்ததை நான் கண்டவள் ஆயிற்றே! ஒப்பனை நம்மை நாமாகக் காட்டுமானால் அது நல்ல தோழி. நம்மை வேறொருத்தியாக்கி நாணச் செய்யுமானால் அவளை வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

அடர்ந்த புருவமும், கூடிய புருவமும், வெட்டுப்பட்ட புருவமும் கொண்ட என் அருமைத் தோழியரே, உங்களை அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவராகக் கணினியில் செய்து பார்க்க எனக்கு ஆசை. புகைப்படம் தரும்போது வடிகட்டி போடாமல் தாருங்கள்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி
கணிதம் – கணினி அறிவியல் பிரிவு