முள்ளெலி விளக்கும் மாவிளக்கும்

ஜேர்மனி நாட்டின் மேற்குப் பாகத்திலே, நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர்போன ரூர்ப் பிரதேசத்தின் கீழை எல்லையில், லிப்பை ஆற்றங்கரையிலே ஹம் என்றொரு நகரம் இருக்கின்றது. அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கங்களுள் கடைசியானதும் 2010 ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது. எனினும் நம்மவருள் பலருக்கு இந்நகரின் பெயர் தெரிந்திருப்பது நிலக்கரியினாலன்று. ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தினாலே. 1989 இல் ஒரு நிலவறையிலே தொடங்கிய வழிபாடு, 2002 இல் 17 மீற்றர் உயரமான கோபுரத்தோடு கூடிய பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. சுற்றிலும் தொழிற்சாலைகள். அம்பாள் தீர்த்தமாடுவதோ சரக்குப் படகுகள் செல்லும் கால்வாயிலே!

என் தங்கை குடும்பம் அந்நகரிலே வாழ்கின்றது. ஐந்தரை வயதுப் பெண் ஒருத்தியும் இரண்டரை வயது ஆண்பிள்ளை ஒருவனும் அவர்தம் செல்வங்கள். 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் இறுதி வரை அவர்களோடு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோடையிலே போகாமல் இலையுதிர் காலத்திலே போனாயே என்று நண்பர்கள் பரிகசித்தார்கள். மாணவருக்குப் பருவங்கள் நான்கென்று பல்லாண்டு கற்பித்த எனக்கு, அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் காணவேண்டும் என்ற ஆசை இருந்தது. பகல் குறுகக் குறுக இலையிலுள்ள பச்சை நிறப்பொருள் சிதைந்து போகின்றது. அதன் கீழே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. சில மரங்களிலே புதிதாகச் சிவப்பும் உண்டாகின்றது. இதனைக் கரும்பலகையிலே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரு வீதி முழுவதும் அவ்வாறு நிற்பதைக் கண்டபோது எழுதியது போதாது என்றே தோன்றியது.

ஆனால் பருவத்தின் அழகை நின்று பார்ப்பதற்கு அவ்வீட்டிலே எவருக்கும் நேரமில்லை. மைத்துனர் பொருட் களஞ்சியமொன்றிலே அதிகாலை வேலைக்குப் போகிறவர். நான்கு மணிக்கே கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும். தங்கை முதியோர் இல்லமொன்றிலே பராமரிப்புப் பணி புரிகிறாள். அவர் திரும்பிய பின்னரே அவள் புறப்படுவாள். இருவரும் ஒருவரையொருவர் பெரும்பாலும் படிக்கட்டிலேதான் சந்திக்கின்றனர் என்றாலும் மிகையாகாது. இடையிலே பிள்ளைகள், சாவிக்கொத்தைப் போலக் கைமாறுகிறார்கள்.

காலை வேளையிலே சின்னவனுக்கு உடை அணிவிப்பதைக் கண்டவர் யாரும் நம் நாட்டின் வெயிலைக் குறைகூறார். உள்ளாடை, காலுறை, கம்பளிச் சட்டை, அதன்மேல் மழைநீர் புகாத காற்சட்டை, தொப்பி, கையுறை, கழுத்துச் சால்வை, இறப்பர்ச் சப்பாத்து. எல்லாம் அணிந்து முடித்துக் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, அவன் சிறுநீர் கழிக்கவேண்டும் என்பான். தங்கை ஒன்றும் பேசாமல் கையுறையிலிருந்து மறுபடியும் தொடங்குவாள். அவளுடைய பொறுமையைக் கண்டு நான் வியந்தேன். வீட்டிலே சிறுமியாக இருந்த காலத்தில் அவளிடம் அது இம்மியும் இருந்ததில்லை.

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அந்நாட்டிலே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பி வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் இலாபம் என்பர். சின்னவனுக்கு அச்சட்டம் தெரியாது. பழைய ஆறு மணிக்கு, அதாவது புதிய ஐந்து மணிக்கு, எழுந்து நின்று பால் கேட்டான்.

பெரியவள் செல்லும் பாலர் பள்ளிக்கு நானும் பலமுறை உடன் சென்றேன். 'கிண்டர்கார்டன்' என்னும் சொல்லை உலகுக்கு அளித்ததே அந்த நாடுதான். பிரீட்ரிக் புரோபல் என்பார் 1837 இல் பாட் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரிலே சிறு குழந்தைகளுக்கான நிலையமொன்றைத் தொடங்கி, 1840 இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். பந்தும் கட்டையுமே அவருடைய பாடநூல்கள். 1851 இல் பிரஷ்ய அரசு அதனை ஆபத்தானதென்று தடை செய்தது. 1860 இலேதான் தடை நீங்கியது. குழந்தை களிமண் பிசைவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியிருக்கிறதே என எண்ணுகையில் ஆசிரியனாகிய எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

அப்பள்ளியிலே எழுத்துக் கற்பிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் சட்டை மாட்டும் கொளுவிக்கு மேலும் பெயருக்குப் பதிலாக ஒரு படம் ஒட்டப்பட்டிருக்கும். என் மருமகளுக்கு ஆமை. மழை தூறினாலும் பிள்ளைகள் வெளியே சேற்றிலே நிற்கிறார்கள். வீதியிலே விழுந்து கிடக்கும் 'கஸ்தானியன்' எனும் பளபளப்பான கபில நிறக் கொட்டைகளைப் பொறுக்கி, நெருப்புக்குச்சிகளைச் செருகி, மனிதரும் குதிரையும் செய்கிறார்கள். இக்கொட்டை மனிதர் உண்ணத் தகாதது. ஆயினும் தங்கை வீட்டிலே அது இல்லாத சட்டைப்பை கிடையாது. சலவை இயந்திரத்தினுள்ளும் இரண்டு உருண்டன.

அறுவடை முடிந்த வயல்களிலே பட்டம் விடுவதும் இப்பருவத்து வழக்கம். தைப்பொங்கற் காலத்திலே வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே விண் கூவப் பறக்கும் பட்டங்களை அறிந்த எனக்கு, கடையில் வாங்கிய துணிப்பட்டம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. சிறுபிள்ளை விளையாட்டுத்தானே! பின்னர், பழைய சுரங்கமொன்று பூங்காவாகிய இடத்திலே கண்ணாடி யானையைப் பார்க்கச் சென்றோம். நிலக்கரி கழுவிய கட்டடத்தை 1984 ஆம் ஆண்டுத் தோட்டக் கண்காட்சிக்காக யானை வடிவிலே மாற்றியமைத்தார்களாம். சின்னவன் அதனைக் கண்டதும் கைகூப்பினான். பிள்ளையார் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவ்வாண்டு விசயதசமியன்று சின்னவனுக்கு அம்பாள் ஆலயத்திலே ஏடு தொடக்கினோம். தட்டிலே பரப்பிய அரிசியில் அவன் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தார் குருக்கள். பெரியவள் பட்டுப் பாவாடையோடு ஓரமாக அமர்ந்திருந்தாள். 'கைகட்டி இரு', 'ஓடாதே', 'பாவாடை அழுக்காகும்': அன்று அவள் தமிழிலே கேட்ட சொற்கள் பெரும்பாலும் இவையே. அவளோ எதற்கும் ஜேர்மன் மொழியிலேயே விடையளித்தாள். "நான் தமிழிலே கேட்கிறேன், அவள் அந்த மொழியிலே சொல்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் நான் கேட்பதும் விளங்காமற் போய்விடுமோ, அண்ணா?" என்று வரும் வழியிலே தங்கை வினவினாள். நான் மறுமொழி கூறவில்லை.

நவம்பர் முதலாந் திகதி கத்தோலிக்கர் தம் இறந்தோரை நினைக்கும் நாள். கல்லறைதோறும் சிவப்புக் கூட்டினுள் மெழுகுதிரி எரிகின்றது. மாலையில் அவ்வழியே நடந்தபோது பெரியவள் ஏதோ கேட்டாள். தங்கை எனக்கு மொழிபெயர்த்தாள். "அம்மம்மாவின் விளக்கு எங்கே?" என் தாயாரின் சாம்பலை நாங்கள் கீரிமலைக் கடலிலே கரைத்தோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதனை எவ்வாறு கூறுவது? "கடலிலே" என்று மட்டும் தங்கை சொன்னாள். கடலிலே விளக்கு அணைந்துவிடுமே என்பது அவளுடைய மறுகேள்வி.

இனி மார்ட்டின் திருநாளுக்கு வருகிறேன். மார்ட்டின் என்பவர் நான்காம் நூற்றாண்டிலே உரோமப் படையிற் போர்வீரராக இருந்தவர். அமியான் நகர வாயிலிலே குளிரால் நடுங்கிய பிச்சைக்காரனைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரு கூறாக வெட்டி ஒன்றை அவனுக்கு அளித்தார் என்பது வரலாறு. பிற்காலத்திலே ஆயரானார், 397 நவம்பர் 11 இல் அடக்கம் செய்யப்பட்டார். அந்நாள் உழவருக்கும் முக்கியமான நாள். வேளாண்மை ஆண்டு முடிந்து குத்தகை செலுத்துவதும், வேலையாட்கள் மாறுவதும், வாத்து அறுத்து விருந்துண்பதும் அன்றுதான்.

பிள்ளைகளுக்கு அது விளக்குத் திருநாள். இரண்டு வாரங்களுக்கு முன்னரே பாலர் பள்ளியிலே கடதாசியும் பசையும் கத்தரிக்கோலுமாக வேலை தொடங்கிவிட்டது. நம் நாட்டு வெசாக் கூடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் கைக்கடக்கமாக, ஒரு தடியின் நுனியிலே தொங்குவது. பெரியவள் முள்ளெலி ஒன்று செய்தாள். முட்கள் ஒருபுறம் அதிகம், மறுபுறம் குறைவு. அதனைச் சீர்செய்யத் தங்கை கைநீட்டியபோது அவள் விடவில்லை.

பதினோராந் திகதி சனிக்கிழமை. ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்தான். தேவாலய முன்றிலிலே நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் ஒளிரும் ஒரு கூடு: மீன், ஆந்தை, நிலா, வீடு. துருக்கிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். முற்காலத்திலே மெழுகுதிரி வைத்தார்கள். இக்காலத்திலே மின்கலத்தால் எரியும் சிறு குமிழ். செம்மேலங்கி தரித்த ஒருவர் குதிரைமேல் முன்னே செல்ல, குழலிசை முழங்க, பிள்ளைகள் பாடிக்கொண்டு இருளிலே நடந்தார்கள். திடலிலே பெரிய நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டவுடன் எனக்கு எங்களூர்க் கோயில் வீதியிலே எரியும் சொக்கப்பனைதான் நினைவுக்கு வந்தது. முடிவிலே முந்திரிகை வற்றல் கண்களும் வாயிலே களிமண் சுங்கானும் கொண்ட மனித உருவப் பாண் கிடைத்தது. அதனைப் பாதியாகப் பிய்த்து மற்றொருவருக்குக் கொடுக்கவேண்டும். பெரியவள் கால்களை எனக்குத் தந்து, தலையையும் சுங்கானையும் தான் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, தீபாவளி. விடுமுறை நாளாக வாய்த்தது அவ்வீட்டாரின் நற்பேறு. எண்ணெய் முழுக்கும் புத்தாடையும் பலகாரமும் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தங்கை முன்னிரவே விழித்திருந்து செய்து முடித்திருந்தாள். பெரியவள் முறுக்கைக் கையிலெடுத்து ஆராய்ந்துவிட்டு, தாயிடம் ஏதோ கேட்டாள். "இந்தப் பண்டிகைக்கு நான் என்ன செய்தேன்?" என்று கேட்டாளாம். குற்றச்சாட்டன்று, உண்மையாகவே அறிய விரும்பினாள்.

அன்றிரவு தங்கையும் நானும் எங்கள் இளமைக்கால விளக்கீட்டைப் பற்றி நெடுநேரம் பேசினோம். வாழைக்குற்றியை நட்டு அதன்மேல் சிரட்டை வைத்தவர் யார்? நாங்கள். பழந்துணியைத் தடியிலே சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தமாக்கி, கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் குத்தியவர் யார்? நாங்களே. பெரியவர்கள் வீட்டினுள்ளே இருந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். புலம்பெயர்ந்த நாட்டிலே பண்டிகையைப் பொன்போலக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளையைத் தொடவிடாமலே வைத்துவிடுகிறோம் என்பது என் கருத்து. தங்கை இதனை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்தவளுக்குப் பிள்ளைகள் சிந்தும் மாவைக் கூட்டுவது இன்னொரு வேலை என்றாள். அதுவும் நியாயந்தான்.

எனினும் நவம்பர் 26, கார்த்திகை விளக்கீட்டன்று, சமையலறைத் தரையிலே பழைய சேலையொன்றை விரித்து அரிசிமாவையும் சர்க்கரையையும் பிள்ளைகள் முன் வைத்தாள். கை மாவிலே தோய்ந்ததும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பிசை, உருட்டு, குழி, திரி, நெய்: இச்சொற்களுக்குப் பெரியவளிடம் ஜேர்மன் மொழி இருக்கவில்லை, பாலர் பள்ளியிலே யாரும் மாவிளக்குச் செய்வதில்லையல்லவா? "மாமா, குழி காணாது, நெய் ஓடுது" என்றாள். தங்கை தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

விளக்குகள் ஒன்பது, எதுவும் வட்டமில்லை. மாடியின் வெளிமுகப்பிலே வைத்தால் காற்று அணைத்துவிடும் என்று யன்னலின் உட்புறத்திலே வரிசையாக வைத்தோம். கீரிமலை எந்தப் பக்கம் என்று கேட்டு, நான் காட்டிய தென்கிழக்கு மூலையிலே பெரியவள் ஒன்றைத் தனியாக வைத்தாள், அது அம்மம்மாவுக்கு. பக்கத்திலே தன் முள்ளெலியையும் கொளுவினாள். சின்னவன் இவற்றைக் கண்டதும் பிறந்தநாள் என்று எண்ணிவிட்டான். கைதட்டிக்கொண்டே ஓடிவந்து அம்மம்மாவின் விளக்கை ஊதி அணைத்தான். மறுபடியும் ஏற்றினோம், மறுபடியும் ஊதினான். மூன்றாவது முறை பெரியவள் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தி, "இது ஊதுற விளக்கில்லையடா, எரியிற விளக்கு" என்று தமிழிலே அதட்டினாள்.