52.8 சதவீதம்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. நீள்வட்டமான பந்தை, முன்னால் ஓடும் தன் ஆட்களுக்கு எறிகிறவர் குவார்ட்டர்பேக். எறிந்ததில் நூற்றுக்கு எத்தனை தன் ஆள் கையில் போய்ச் சேர்ந்தது என்பது அவருடைய ஜாதகம். 2018ல் பஃபலோ பில்ஸ் அணி, கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில் ஏழாவது ஆளாக ஜாஷ் ஆலனை எடுத்தபோது அந்த ஜாதகம் நன்றாக இல்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தில் 56 சதவீதம். பில்ஸில் முதல் பருவத்தில் இன்னும் இறங்கி 52.8. அந்த வருஷம் லீகின் சராசரி 65-ஐ ஒட்டி இருந்தது.

என் அக்கா மகன் அப்போது பஃபலோவில் படித்துக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க இரண்டு கட்சி. அவன் அறைக்குள்ளேயே இரண்டு கட்சி. "மாமா, எறியறதுல பாதி தரையில விழுது. கை பலம் இருந்து என்ன பண்றது?" என்பான். அறைத்தோழன் ஏரிக்காற்றைச் சொல்வான், பனியைச் சொல்வான், பிடிக்கத் தகுந்த ஆள் இல்லை என்பான். குறி என்பது பிறவியில் வருவது, சொல்லிக்கொடுத்து வராது என்பது முதல் கட்சியின் சித்தாந்தம். கல்லூரியில் குறி தவறியவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் தேறியதற்கு உதாரணங்கள் அரிது. ஆகவே அவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சலிப்பூட்டியது, இரண்டு கட்சியும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஒன்றுக்கு அது தீர்ப்பு, மற்றதற்கு மன்னிக்கவேண்டிய குற்றம்.

வங்கியில் வட்டி போடுகிறவனுக்குச் சராசரியின் குணம் தெரியும். மாதம் முழுதும் ஐநூறு ரூபாய் இருக்கும் கணக்கும், பாதி மாதம் ஆயிரமும் பாதி மாதம் சைபருமாக இருக்கும் கணக்கும் சராசரியில் ஒன்று. கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரே மாதிரி மனிதர்கள் இல்லை. 2018 செப்டம்பரில் மின்னஸோட்டாவில் ஆலன், ஆறடிக்கு மேல் உயரமான தடுப்பாட்டக்காரர் ஒருவரை ஓட்டத்திலேயே தாண்டிக் குதித்தார். யாரும் எதிர்பாராமல் பில்ஸ் 27-6 என்று ஜெயித்தது. அடுத்த வாரம் கிரீன் பேயில் 0-22. இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆட்டக்காரர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்தில் இறங்கியதில்லை.

தவறுகளை எண்ணுவதைவிட அவற்றின் ரகத்தைப் பார்ப்பது உபயோகம் என்று தோன்றியது. 2020 ஜனவரியில் ஹூஸ்டன் ஆட்டம். பில்ஸ் 16-0 முன்னிலை. அதில் ஆலன் தானே ஒரு பந்தைப் பிடித்து டச்டவுன் செய்திருந்தார். பிறகு எல்லாம் குலைந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், எதிராளி மேலே விழும் நேரத்தில், பந்தைப் பின்பக்கமாகச் சக ஆட்டக்காரரிடம் வீசினார். அது கைக்குச் சேராமல் எல்லைக்கு வெளியே போயிற்று. கூடுதல் நேரத்தில் 19-22 தோல்வி. பித்துக்குளித்தனம் என்றார்கள். பித்துக்குளித்தனம்தான். பயந்தவன் அதைச் செய்யமாட்டான். அவன் பந்தை அணைத்துக்கொண்டு கீழே விழுவான். சதவீதத்துக்கும் ஒன்றும் ஆகாது.

2020 பருவத்தில் 69.2. எறியும் முறையைத் திருத்திக்கொண்டார். ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த ஆள் பிடிக்க வந்து சேர்ந்தார். 2024 பருவத்தில் லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது. உடனே அப்போதே சொன்னோம் என்கிறார்கள். விளைவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் தீர்க்கதரிசனம் எனக்கு வேண்டாம். குலைவெல்லாம் பழுத்துவிடும் என்று விதி எதுவும் கிடையாது. நேர்த்தி காப்பாற்றும் என்றும் கிடையாது: அதே டிராஃப்டில் பத்தாவதாக வந்த ஜாஷ் ரோஸன் நேர்த்தியாக எறிகிறவர் என்று பெயர் வாங்கியவர். அரிஸோனா ஒரே பருவத்தில் அவரை மயாமிக்குத் தள்ளிவிட்டது. அப்புறம் எங்கும் நிலைக்கவில்லை. பஃபலோவில் எழுபதாயிரம் பேர் பனியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே மூன்றாவது பருவம்வரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முந்நூறு பிரதி அச்சடிக்கும் நமக்கு அந்தப் பொறுமை இல்லை. முதல் தொகுதிக்கு நாம் மதிப்புரை எழுதுகிற விதத்தைப் பாருங்கள். 'நாற்பதில் ஆறு தேறும்.' மீதி முப்பத்துநான்கு ஏன் தேறவில்லை - பழகின படிமத்தில் சுகமாக உட்கார்ந்ததாலா, மொழி தாங்காத ஒன்றைத் தாவிப் பிடிக்கப் போனதாலா - என்று கேட்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞரின் தொகுதிக்கு ஏறக்குறைய இதே எண்களில் ஒரு சிற்றேட்டில் தீர்ப்பு வந்தது. அந்த ஆறில் இரண்டு இன்னும் எனக்கு மனப்பாடம். அதே வருஷம் ஒரு குறையும் சொல்லமுடியாத வேறொரு தொகுதி பரிசு வாங்கியது. அதில் ஒரு வரி ஞாபகமில்லை. இளைஞர் அதற்குப் பிறகு எதுவும் வெளியிடவில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போகிறார் என்று கேள்வி. எழுதியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. மதிப்புரையாளருக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்தவர் தொனியில் எழுதினார். அந்த இளைஞருக்கு இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது, இந்த விலாசத்தில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.