காயலில் ஒரு நாள் பாடம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? உப்பளங்களைக் கடந்தால் பழைய காயல் வரும். முக்காணியில் தாமிரபரணியைத் தாண்டி, ஆத்தூர், ஆறுமுகனேரி வழியே சென்றால் காயல்பட்டினம். மதரஸா மாணவர்கள் சிலருடன் அவ்வழியே சென்றோம். சமூக அறிவியலை முற்பகலிலும் வாசிப்பைப் பிற்பகலிலும் நடத்துவது என்பது ஏற்பாடு.

முதற்பாடம் பழைய காயலில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் காயலில் நின்றதை எழுதி வைத்தார். அந்தக் காயல் இந்தப் பழைய காயலே என்பது கால்டுவெல் ஐயரின் முடிவு.

"கடல் எங்கே, உஸ்தாத்?" என்று வினவினான் ஒரு மாணவன். நியாயமான வினா! தாமிரபரணி கொணர்ந்த வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கிற்று, கடல் விலகிற்று, வணிகம் வேறு துறைகளை நாடிற்று. பாண்டியரின் பழந்துறையான கொற்கைக்கும் முன்னரே இக்கதிதான் நேர்ந்தது. பாடநூலில் ஒரு வரியாக இருந்த செய்தி, பிள்ளைகளின் காலடி மண்ணாக விரிந்தது.

பிற்பகலில் காயல்பட்டினம் அடைந்தோம். ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊர். அங்கே ஓர் இல்லத்தார், தங்கள் முன்னோர் ஓதிய பழைய நூலொன்றை அன்புடன் எடுத்துத் தந்தனர். மாணவன் ஒருவன் வலமிருந்து இடமாக, எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கினான். இரண்டாம் வரியில் திகைத்து நிமிர்ந்தான்.

"உஸ்தாத், இது தமிழல்லவா! என் உம்மம்மா பேசுவது போலல்லவா இருக்கிறது!"

ஆம், அது அரபுத்தமிழ். அரபு எழுத்துக்களோடு, அம்மொழியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் இட்ட சில எழுத்துக்களைச் சேர்த்து நம் முன்னோர் தமிழை எழுதினர். குர்ஆன் ஓத மட்டுமே கற்றிருந்த பெண்கள், தொழுகை, நோன்பின் சட்டங்களை இவ்வெழுத்தின் வழியே தாமே படித்தறிந்தனர்.

இன்று நம் பிள்ளைகள் அரபு எழுத்தை அறிவர்; தமிழையும் அறிவர். ஆயினும் இரண்டும் கூடிய ஏட்டின் முன் அயலாராய் நிற்கின்றனர். இத்தனைக்கும் அவர்கள் புதிதாய்க் கற்க வேண்டியவை ஒரு சில எழுத்துக்களே!

சிதைந்த ஏடுகளை, அவற்றிலுள்ள திருவசனங்களின் கண்ணியம் கருதிக் கடலில் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எண்ணம் உயர்ந்ததே. ஆனால் அவற்றோடு எத்தனை குடும்பங்களின் வரலாறு மூழ்கியிருக்கும்! ஆதலால், சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அத்தகைய ஏடு இருப்பின், கடலுக்கு அனுப்புமுன் உங்கள் பிள்ளையின் கையில் ஒருமுறை கொடுங்கள். வீட்டு மூதாட்டி ஒருவருக்கேனும் அதை ஓதத் தெரிந்திருந்தால், அவரருகே பிள்ளையை அமரச் செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே இப்பாடம் நடந்தாக வேண்டும்.