தடையும் நடையும்

விரைந்து செல்லும் ஆற்றலைக் கண்டு வியப்போர் பலர். வேண்டுமிடத்து நிற்கும் ஆற்றலை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். கார் வாங்கப் புகுவோர் அதன் குதிரைவலி யாது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்துணைக் கிலோமீட்டர் ஓடும், நிறம் எத்தகையது என்றெல்லாம் வினவுவர். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவிற் செல்லுங்கால் எத்துணைத் தூரத்தில் நிற்கும் என்று வினவினாரை யாம் இதுகாறும் கண்டிலேம். ஆயினும், வண்டியில் அமர்ந்திருப்பாரது உயிரும் வழியில் நடப்பாரது உயிரும் அவ்வொரு வினாவின் விடையிலேயே தங்கியுள்ளன.

யாம் சங்கரன்கோவிலில் வாழ்கின்றேம். சிறு கார் ஒன்று பத்தாண்டுகளாக எம் குடும்பத்திற்கு உழைத்து வருகின்றது. முதுமையுற்ற அன்னையைத் திருநெல்வேலி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், இராசபாளையத்து உறவினர் இல்லங்களுக்கு ஏகுவதுமே அதன் தொழில். எம்மூர்ச் சாலைகள் பெரும்பாலும் சமதரையின. ஆயின் எளியன அல்ல. விடியுமுன்னர்ப் பூ மூட்டையைப் பின்னிருத்தி இருசக்கர வண்டிகள் சந்தைக்கு விரையும். அந்தி வேளையிலே ஆட்டுக் கிடை சாலையைக் கடக்கும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் இருளில் ஊர்ந்து செல்லும். ஆடித் தபசுக் காலத்திலோ ஊரே தெருவில் நிற்கும். இத்தகைய வழியில் வண்டி ஓட்டுவார்க்கு வேண்டுவது, மிதித்த கணத்திற் பிடிக்கும் பிரேக்கேயாம்.

இவ்வாண்டு முன்சக்கரங்களின் பிரேக் பேட் தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவிற்கு வந்துவிட்டதென மெக்கானிக் கழற்றிக் காட்டினார். உடனிருந்த எம் தம்பி மகன், "பெரியப்பா, பந்தயக் கார்களுக்குப் போடும் பேட் கிடைக்கின்றதாம். விலை இருமடங்கு, ஆனால் பிடிப்பு மிக வலிதாம். பாட்டி ஏறும் வண்டியாயிற்றே, உயர்ந்ததையே போடுவோம்" என்றான். அவன் கூறியது அன்பினால் எழுந்த சொல். ஆதலின் அதனை எளிதாகத் தள்ளாமல் ஆராயத் துணிந்தேம்.

பிரேக் பேட் என்பது யாது? சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டினை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையே அது. ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக மாற்றுதல் அதன் வேலை. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவிற் செல்லுங்கால் ஏறத்தாழ 2,47,000 ஜூல் ஆற்றல் உடையது. 40 கிலோமீட்டர் விரைவில் அதன் காற்பங்கே உண்டு. விரைவு இருமடங்கானால் பிரேக்கின் சுமை நான்மடங்காகும் என்பதை இளைஞர் மறவற்க.

இக்கட்டையின் வரலாறும் சுவையுடையது. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பாங்கில் வாழ்ந்த ஹெர்பர்ட் புரூட் என்பார், குதிரை வண்டிகள் இறக்கத்தில் நில்லாது இடர்ப்படுதலைக் கண்டு, பருத்தியைப் பிசினில் தோய்த்து உராய்வுக் கட்டை செய்யத் தலைப்பட்டார். 1897இல் அவர் தொடங்கிய தொழிலே பெரோடோ எனப் பெயர் பெற்றது. பின்னர்ப் பருத்தியின் இடத்தைக் கல்நார் கைக்கொண்டது. தட்டுப் பிரேக்குப் பூட்டிய ஜாகுவார் கார் 1953இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வென்ற பின்னர், அம்முறை உலகெங்கும் பரவிற்று. நம் தமிழ்நாட்டிலும் 1962இல் பிரேக்ஸ் இந்தியா, 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என இத்தொழில் வேரூன்றியது.

நிற்க. பந்தயப் பேட்டிற்கும் நாள்தோறும் ஓடும் காரின் பேட்டிற்கும் வேற்றுமை என்னை? பந்தயத்தில் ஓட்டுவோன் திரும்பத் திரும்பப் பெருவிரைவினின்று பிரேக்கை மிதிக்கின்றான். அவன் பேட் எப்பொழுதும் கொதிநிலையிலேயே இருக்கும். ஆதலின் அது சூட்டைத் தாங்குமாறு செய்யப்பெற்றது. நூறு இருநூறு பாகை வெப்பம் ஏறிய பின்னரே தன் முழு வலியைக் காட்டும். எம் காரோ வீட்டு வாயிலினின்று புறப்பட்டு இரண்டாம் தெருவில் ஒரு குழந்தைக்காக நிற்கவேண்டும். அப்பொழுது பேட் குளிர்ந்திருக்கும். குளிரிற் பிடியாத பேட், எத்துணை விலையுயர்ந்ததாயினும், அக்குழந்தைக்கு யாது பயன்?

அதற்காகச் சூடு தாங்கும் தன்மை வேண்டாவென்பதன்று. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்குவார்க்கு அதன் அருமை தெரியும். மேற்கூறிய கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்பொழுது வெளிப்படும் ஆற்றல், 80 கிலோமீட்டர் விரைவினின்று ஏறத்தாழ நாற்பது முறை நிறுத்துதற்கு ஒப்பாகும். அதனை முழுதும் பிரேக்கின் தலையிலேயே ஏற்றினால், பேட்டின் பிசின் வெந்து பிடிப்புத் தளரும். முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்குவதே அதற்கு மருந்து. எம்மூர்க் கோயிலிலே சங்கரனும் நாராயணனும் ஓருருவில் நிற்றல் போல, தண்மையும் வெம்மையும் இரண்டிலும் ஒத்து நிற்பதே குடும்பக் காருக்கு உரிய பேட் என்க.

இதனை அறிதற்கு ஓர் அடையாளமும் உண்டு. பேட்டின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பெறுவது வழக்கம். முதலெழுத்து மிதமான வெப்பத்தின் உராய்வையும், இரண்டாவது மிகுந்த வெப்பத்தின் உராய்வையும் குறிக்கும். 'ஈ' என்பது 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. எஃப் எஃப் என இரண்டும் ஒத்து நின்றால், சூட்டில் பெரிதும் தளராதெனக் கொள்ளலாம். எழுத்தே எல்லாம் உரைத்துவிடாது; எனினும் பளபளக்கும் பெட்டியைக் காட்டிலும் அது நம்பத்தக்கது. மேலும், ஐக்கிய நாடுகளின் 90ஆம் ஒழுங்குவிதி, மாற்றுப் பேட்டின் வலி மூலப் பேட்டினின்று 15 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கின்றது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் பகிர்ந்தளித்த தடை, ஒருபுறம் மிகின் நிலைகுலையும் என்பதே காரணம்.

பின்னும் ஒன்று உண்டு. வண்டியை முடிவில் நிறுத்துவது பேட் அன்று. தரையைப் பற்றும் டயரே. 2019 ஏப்ரல் முதல் இந்நாட்டில் விற்கப்படும் புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்ளப் போகுங்கால் அது குறுக்கிட்டுத் தளர்த்தும். பழைய பேட்டே அந்நிலைக்குக் கொண்டு செல்லுமாயின், அதனினும் வலிய பேட் ஒரு சாண் தூரத்தையும் குறைக்க மாட்டாது. பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதியதாய் இருக்குங்கால் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். ஆயில் கொதித்தால், மிதித்த கால் வெறுமையிற் புதையும். இவற்றை விடுத்துப் பேட்டை மட்டும் உயர்த்துதல், ஓட்டைக் குடத்திற்குப் பொற்கழுத்துப் பூட்டுதல் போலும்.

எனவே யாம் செய்தது இது. கார் செய்வோர்க்கே பேட் அளிக்கும் நிறுவனம் ஒன்றின் பீங்கான் கலந்த வகையை, எஃப் எஃப் குறியுடையதாக, கல்நார் இல்லாததாகத் தேர்ந்தேம். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயும் விளைப்பது. பணிமனையில் நாள்முழுதும் குனிந்து உழைப்பாரையே அது முதலிற் பற்றும். எம் மெக்கானிக்கின் மூச்சும் எம் பொறுப்பே அன்றோ? ஆதலின் எத்தூசியாயினும் காற்றால் ஊதாது ஈரத்துணியால் துடைக்குமாறு அவரை வேண்டினேம். பந்தயப் பேட்டை வாங்காமையால் மிஞ்சிய தொகையோடு சிறிது சேர்த்துப் பிரேக் ஆயிலையும் தேய்ந்த முன் டயர் இரண்டையும் மாற்றினேம். புதுப் பேட் தட்டோடு பொருந்துமாறு முதற் சில நூறு கிலோமீட்டர் மெல்லவே மிதித்து ஓட்டினேம்.

தம்பி மகனுக்கு முதலில் மனக்குறையே. ஒரு மாலை அவனையே ஓட்டச் செய்து, ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் விரைவினின்று நிறுத்தச் சொன்னேம். கிறீச்சென்ற ஒலியின்றி, ஒருபுறம் இழுக்காது, வண்டி நேரே நின்றது. "இது போதும், பெரியப்பா. பாட்டி தூங்கினாலும் விழிக்கமாட்டார்கள்" என்றான்.

மாணவ நண்பர்களே, உயர்ந்தது எது என்னும் வினாவிற்குமுன், எப்பணிக்கு என்னும் வினாவை எழுப்புமின். மணிக்கு 80 கிலோமீட்டரிற் செல்வார், கண் கண்டு கால் மிதிக்கும் ஒரு நொடியிலேயே 22 மீட்டர் கடந்துவிடுவர். அவ்விடைவெளியை எந்தப் பேட்டும் மீட்டுத் தராது. அங்கே காப்பது ஓட்டுவோரது நிதானம் ஒன்றே. அதனை எக்கடையிலும் விலைக்குக் கொள்ளல் இயலாது.