மழை நாளின் கணக்கு

பேராக் மாநிலத்தில் சித்தியவானை அடுத்துள்ள ஊர் ஆயர் தாவார். மலாய் மொழியில் அப்பெயருக்கு நன்னீர் என்பது பொருள். இன்று அவ்வட்டாரத்தில் செம்பனையே மிகுதி. கித்தா மரங்கள் நிரைநிரையாய் நின்ற முன்னாளில், தொழிலாளர் பொழுது புலருமுன் பெரட்டில் பெயர் கொடுத்துக் காட்டுக்குச் செல்வர். மங்குகளில் நிறைந்த பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்து வந்து நிறுவைக்கு வைப்பர். கிராணியார் எடையைப் பதிவேட்டில் குறிப்பார். மழையால் மரப்பட்டை நனைந்தால், பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆதலின் அன்று வெட்டு இல்லை. அந்நாளின் கட்டத்தில் எடையும் இராது. எடை இல்லையே என்று முந்தின நாளின் எடையை அங்கு எழுதிவிட இயலாது.

ஆய்வுத்துறையில் இவ்வெளிய நேர்மை அத்துணை எளிதாய் அமைவதில்லை. பொருளுதவி பெற்ற ஆய்வுக்குக் காலந்தோறும் முன்னேற்ற அறிக்கை அளித்தல் வேண்டும். பணம் அளித்தோர் கணக்குக் கேட்பது முறையே. ஆனால், வாக்களித்த அளவுக்கும் முடிந்த அளவுக்கும் இடையே இடைவெளி தோன்றும்போதுதான் எழுதுவோரின் கை தயங்குகிறது.

ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டச் சொற்களைத் திரட்ட ஒரு மாணவர் முற்படுகிறார் என்று கொள்வோம். ஆறு திங்களில் ஐந்நூறு சொற்கள் என்பது திட்டம். கைக்கு வந்தவையோ இருநூறு. லயங்கள் இருந்த இடத்தில் குடும்பங்கள் இல்லை. முதியோர் பிள்ளைகளுடன் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டனர். ஒரு பாட்டியிடம் ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்து, ‘ஒட்டுப்பால்’ என்னும் ஒரு சொல்லின் வழக்கை மட்டும் அறிந்து திரும்பும் நாளும் உண்டு. அறிக்கை நாள் நெருங்குகிறது. அகராதியிலிருந்து முந்நூறு சொற்களைப் பெயர்த்தெழுதினால் எண்ணிக்கை நிரம்பிவிடும், எவரும் ஐயுறார்.

இங்கேதான் இழப்பு நேர்கிறது. ‘ஐந்நூறு சொற்கள் திரட்டப்பட்டன’ என்று ஏடு சொல்லிவிட்டால், எஞ்சிய முதியோரைத் தேடிச் செல்லக் காலமும் பணமும் எவர் தருவர்? பணி முடிந்ததாகவே கருதப்படும். பொய்யான எண்ணுக்கு அடியில் மெய்யான சொற்கள் புதைந்துபோகும். பாட்டி மறைந்தபின் அவற்றைத் தோண்டி எடுக்க வழியில்லை.

சொல் திரட்டும் பணியின் இயல்பை அறியச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் வரலாறு துணை செய்யும். 1913 ஆம் ஆண்டு சாண்ட்லர் தலைமையில் தொடங்கிய அப்பணிக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என மதிப்பிட்டனர். முதல் தொகுதி அச்சேறத் தொடங்கியதே 1924 இல். பின்னர் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராய்ப் பொறுப்பேற்க, 1936 இல் ஆறு தொகுதிகளும் முற்றுப்பெற்றன. செலவோ நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். மதிப்பீடு பிழைத்தது உண்மை. எனினும், மதிப்பீட்டுக்குள் அடங்க வேண்டும் என்று இடையில் நிறுத்தியிருந்தால், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அக்கருவூலம் கிடைத்திராது. அதன்பின்னும் 1939 இல் அநுபந்தம் ஒன்று வெளிவந்தது. விடுபட்டவை உள என்று ஒப்புக்கொள்ளும் துணிவே அவ்வநுபந்தம்.

எனவே, நல்ல முன்னேற்ற அறிக்கை நான்கு செய்திகளை மறையாது கூறும்: செய்வதாகச் சொன்னது, செய்து முடித்தது, முடியாது நின்றது, நின்றதன் காரணம். ஒவ்வொரு சொல்லுக்கும் அதனை அறிந்த இடமும் நாளும் குறிக்கப்பெறும். செலவிட்ட தொகையும் மாற்றிக்கொண்ட திட்டமும் அருகே நிற்கும். அத்தகைய அறிக்கையில், முதியோர் ஊர் பெயர்ந்தனர் என்னும் குறிப்பும் ஓர் ஆய்வு முடிபே. அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

மாணவரின் முதல் ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியர் இதனைக் கற்பித்தல் வேண்டும். ‘இருநூறு’ என்று எழுதி வரும் மாணவரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் ஐந்நூறு என்று எழுதி வருவார். அவரை அமரச் செய்து, அந்த இருநூறும் எவ்வாறு கிடைத்தன என்று கேட்பதே ஆசிரியரின் கடன்.